உத்தரத்தில் ஓடும் கரப்பான்

பூதப்பாண்டியில் எங்கள் வீடு முன்பு ஒரே வீடாக இருந்தது. மாமனார் போன பிறகு பாகம் பிரித்து நடுவில் செங்கல் சுவர் வைத்தார்கள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் கொழுந்தன் பெண்டாட்டி. ஆண்கள் இரண்டு பேரும் இப்போது இல்லை. சுவர் உத்தரம் வரைக்கும்தான் போயிற்று. பழைய தேக்கு உத்தரம், அதை அறுக்க யாருக்கும் மனசு வரவில்லை. இரண்டு அடுக்களைக்கும் மேலே ஒரே கட்டையாக ஓடுகிறது.

என் மகளின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும், சிறுபயறும் கருப்பட்டியும் சேர்த்துச் செய்கிற முந்திரிக்கொத்துப் பலகாரம் என் கையால்தான். சிறுபயறை எந்தப் பதத்தில் வறுத்து இறக்குவது என்று கேட்டுப்போக அடுத்த ஊரிலிருந்தும் ஆள் வரும். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய்.

நிச்சயம் முடிந்த மறுவாரம் மாப்பிள்ளையின் அம்மா வந்தார். தண்ணீர் குடிக்க நேரே அடுக்களைக்கே வந்துவிட்டார். நான் சொம்பை எடுத்தேன். அதற்குள்ளிருந்து ஒரு கரப்பான் ஏறி, என் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடிக் கீழே விழுந்தது. அந்த அம்மாள் திரும்பி வாசல் பக்கம் போய்விட்டார். தண்ணீர் குடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மகள் போன் செய்தாள். கொத்தை நாகர்கோவிலில் கடையில் சொல்லிவிடலாம், இந்த வயதில் அடுப்பில் நிற்க வேண்டாம் என்றாள். அவள் சொல்லாமல் விட்டது எனக்குத் தெரியாதா?

"ஒரு மாசம் தா மக்கா. நீயே வந்து பாரு. ஒண்ணு கண்ணுல பட்டாலும் கடையில வாங்கிக்கோ" என்றேன். சரி என்றாள்.

ஒவ்வொரு டப்பாவாக இறக்கி வெயிலில் வைத்தேன். சிலிண்டரின் அடியிலும் பிரிட்ஜின் பின்னாலும் அவரை விதை மாதிரி முட்டைக்கூடு ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்து எரித்தேன். கழிவுநீர்த் துவாரத்துக்கு வலை வைத்து, பாத்திரம் தேய்த்த இடத்தைத் துணியால் ஈரம் போகத் துடைத்தேன். போரிக் பவுடரையும் சீனியையும் மாவில் உருட்டி மூலைகளில் வைத்தேன். அலமாரியில் பாச்சை உருண்டை போட்டதில் கருப்பட்டியெல்லாம் அந்த வாடை ஏறி, தூரக் கொட்ட வேண்டியதாயிற்று. ஒரு வாரம் ஒன்றையும் காணோம். எட்டாம் நாள் திரும்பி வந்தன.

கடைசியில் மருந்து வைக்கிற ஆளை வரவழைத்தேன். மூலை முடுக்கெல்லாம் சொட்டு சொட்டாக மருந்து வைத்துவிட்டு அவன் உத்தரத்தில் டார்ச் அடித்தான். மரம் நீளவாக்கில் வெடித்திருந்தது.

"அம்மா, இது ரெண்டு வீட்டுக்கும் ரோடு மாதிரி கெடக்கு. அங்கயும் ஒரே நாள்ல வைக்கணும். இல்லன்னா அங்க தொரத்துனா இங்க வரும்" என்றான்.

வெடிப்பை அடைக்கலாமே என்று கேட்டேன். எத்தனை இடத்தில் அடைப்பீர்கள் என்றான்.

பக்கத்து வீட்டில் போய்க் கேட்டால் தீர்ந்தது. ஆனால் சுவர் வைத்த நாள் முதல், அவள் அடுக்களையைவிட என் அடுக்களை சுத்தம் என்று சொல்லியே என் காலம் போயிருந்தது. அவளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போனேன். காப்பி கொடுத்தாள்.

"மருந்துக்காரன் வந்தானே மைனி, என்ன விசயம்?"

"செதலு இருக்கான்னு பாக்கச் சொன்னேன்" என்றேன். "ஒனக்குக் கரப்பான் தொல்லை எதும் உண்டா?"

"இங்கயா? நாம வச்சிருக்க சுத்தத்துக்கு அது எங்க வரும்?"

அவள் காலடியில், சுவரோரம், வெள்ளைக் கோடு தெரிந்தது. கரப்பானுக்குப் போடுகிற சாக்குக் கட்டிக் கோடு. சேலையை இழுத்து மறைத்தாள். எனக்கும் உண்டு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எங்கள் பக்கமும் கிடையாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

மருந்து வேலை செய்தது. பதினோரு நாள் ஒன்றுகூட இல்லை. மகள் வருவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமை, கொத்துக்கான பயறை முறத்தில் புடைத்து வைத்துக் காத்திருந்தேன். காலையிலேயே சுவருக்கு அந்தப் பக்கம் மருந்து அடிக்கிற நெடி வந்தது. நான் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து அவளுக்கு உறுத்தல் இருந்திருக்க வேண்டும்.

மகள் வந்து டப்பா எல்லாம் திறந்து பார்த்தாள். முகம் தெளிந்தது. டீயைக் கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போது உத்தரத்திலிருந்து ஒன்று முறத்தில் விழுந்தது. பிறகு மூன்று. பிறகு நான் எண்ணவில்லை. பட்டப்பகலில், மருந்து மயக்கத்தில், பயறுக்குள் மல்லாந்து காலை உதைத்துக்கொண்டு கிடந்தன.

அவள் கோபப்படவில்லை. விளக்குமாற்றை எடுத்து வந்து, "விடும்மா, கடையில சொல்லிருவோம்" என்றாள். கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

கல்யாணத்தன்று கடைக் கொத்துதான் வந்தது. கொழுந்தன் பெண்டாட்டி என் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றைக் கடித்தாள். மெதுவாக மென்றாள்.

"பதம் தவறிப் போச்சு மைனி. பயறு முறுகிட்டு. ஒங்களுக்கும் வயசாச்சுல்லா" என்றாள்.

கடையில் வாங்கியது என்று சொன்னால், ஏன் என்று கேட்பாள்.

"ஆமா, வயசாச்சு" என்றேன்.