ஒரு கணிப்பொறிக்கு இரண்டு ஸ்டூல்

பெரியநாயகியைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், எழுத என்ன இருக்கிறது என்று அவளே சிரித்தாள். சின்ன காஞ்சிபுரத்தில் நான்கு கணிப்பொறிகள் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரை ஒற்றை ஆளாக நடத்தியவள். முதலாளி மாதம் ஒருமுறை எட்டிப்பார்ப்பார், அவ்வளவுதான். ஊர் முசரவாக்கம், விவசாயக் குடும்பம். பாலிடெக்னிக்கில் கணிப்பொறி டிப்ளமா முடித்துவிட்டு, ஹால் டிக்கெட் எடுத்துக் கொடுப்பதும் விண்ணப்பம் நிரப்புவதுமாக மூன்று வருடம் ஓட்டியிருந்தாள். சலித்துப்போயிருந்தாள், அதை மறைக்கவும் இல்லை.

2007-இல் ஹயக்ரீவன் வந்தார். சந்நிதித் தெருக்காரர், சென்னையில் உளவியல் ஆராய்ச்சி மாணவர். நெசவாளர்கள் நிறங்களை எவ்வளவு வேகமாகப் பிரித்தறிகிறார்கள் என்று இணையம் வழியே சோதிப்பது அவர் திட்டம். திரையில் இரண்டு நிறங்கள் வரும். இரண்டும் ஒன்று என்றால் இடது ஓரத்து விசை, வேறு என்றால் வலது ஓரத்து விசை. அமுக்க எடுத்துக்கொண்ட நேரம் பதிவாகும். இணையத்தில் ஏற்றும் முன் இருபது நெசவாளர்களை வைத்து ஒத்திகை பார்க்க வேண்டும். ஆனால் சென்டரின் இணையத்தில் ஒரு படம் திறப்பதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம்.

இணையமே வேண்டாம், ஒரு கணிப்பொறியையே சர்வராக ஆக்கிவிடலாம் என்றாள் பெரியநாயகி. கணிப்பொறிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி ஒன்றில் அதற்கான மென்பொருள் இருந்தது. நிறுவினாள், கிளம்ப மறுத்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில் பார்த்தால், வாடிக்கையாளர்கள் துபாய்க்குப் பேசுவதற்காகப் போட்டுவைத்த அரட்டை மென்பொருள், சர்வருக்கு வேண்டிய வழியைத் தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதை மூடினாள், சர்வர் ஓடியது. மற்ற மூன்று கணிப்பொறிகளிலும் ஹயக்ரீவனின் பக்கம் தட்டியவுடன் திறந்தது.

ஹயக்ரீவன் தன் துறையில் போய்ச் சொன்னார். அங்கே தொழில்நுட்ப உதவியாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. ஒத்திகை ஒழுங்காக முடிந்தால் அந்தப் பெண்ணையே எடுத்துக்கொள்ளலாம் என்று பேராசிரியர் வாக்குக் கொடுத்தார். அதைக் கேட்ட அன்று பெரியநாயகி சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போதே, சென்னையில் எந்த ஹாஸ்டலில் தங்குவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாளாம்.

ஒத்திகை நடந்த இரண்டு நாளும் ஹயக்ரீவன் ஊரில் இல்லை. நெசவாளர்களை உட்காரவைத்தது அவள்தான். கரையையும் உடலையும் வேறுவேறு நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைத் தறியில் ஒருவர் தனியாக உட்காருவதில்லை. புடவையின் உடலுக்கு ஒருவர் ஊடைநூல் நாடாவை ஓட்டினால், கரைக்கு இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுவார். ராஜவேலுவைக் கூப்பிட்டால் அவர் மனைவி காந்தாவும் கூடவே வந்தார். பெரியநாயகி யோசிக்கவே இல்லை, இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். இடது விசை ராஜவேலுவுக்கு, வலது விசை காந்தாவுக்கு. அடுத்து வந்தவர்களும் அப்படியே. இருபது பதிவு, நாற்பது டீ. வெளியூர்க்காரர் யார் பார்த்திருந்தாலும் என்ன இது என்று கேட்டிருப்பார். அவளுக்கு அது கண்ணில் படவே இல்லை.

அடுத்த வாரம் ஹயக்ரீவன் வாயெல்லாம் பல்லாக வந்தார். நெசவாளர்களின் வேகத்தைப் பார்த்துப் பேராசிரியர் அசந்துபோய்விட்டாராம். வேலைக்கான கடிதமும் தயாராகிறதாம். ஒத்திகை நடத்தியவர் கையெழுத்துப் போட வேண்டிய படிவம் ஒன்றை நீட்டினார். அதில் நான்காவது கேள்வி: பங்கேற்றவர் தனியாக அமர்ந்திருந்தாரா?

பேனா அங்கேயே நின்றது. எதை அமுக்குவது என்ற யோசனையே இல்லாமல், ஆளுக்கு ஒரு விசை என்று விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தால் வேகம் வராமல் என்ன செய்யும்? அது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"இல்ல சார். ரெண்டு ரெண்டு பேரா குந்திக்கினு இருந்தாங்க. நான்தான் ஸ்டூல் போட்டேன்."

ஹயக்ரீவன் அந்தக் கேள்வியை ஒருமுறை படித்தார். "இதை யாரும் கேக்கப்போறதில்லை, பெரியநாயகி" என்றார்.

"இதுல கேட்டிருக்குதே சார்."

அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் ஆம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் போடவில்லை.

மறுபடி நடத்தினார்கள், கணிப்பொறிக்கு ஒரு ஸ்டூல் வைத்து. காந்தா தனியாக உட்கார்ந்தார். வலது விசை சட்டென்று விழுந்தது. இடது விசைக்கு முறை வந்தபோது கை அசையவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அது அவரு அமுக்குவாருன்னு பாத்துக்கினு இருந்தேம்மா" என்றார். நெசவாளர்களின் வேகமும் மற்றவர்களின் வேகம்போலவே வந்தது. ஹயக்ரீவனின் ஆய்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. ஒத்திகையைக் கெடுத்த பெண் வேண்டாம் என்று பேராசிரியர் அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அநியாயம்தான், ஆனால் ஸ்டூல் போட்டதும் அவள்தான்.

அந்த வேறொருவர் ஒரு நாள் காலை சென்டருக்குப் போன் செய்தார். துறையின் புதுக் கணிப்பொறியில் சர்வர் கிளம்பவில்லையாம், ஹயக்ரீவன் சார் உங்களைக் கேட்கச் சொன்னார் என்றார், மிகவும் மரியாதையாக. அரட்டை மென்பொருள் ஏதாவது திறந்திருக்கிறதா பாருங்கள், அதை மூடிவிட்டுக் கிளப்புங்கள் என்றாள் பெரியநாயகி. ஓடிவிட்டது. அவர் இரண்டு தடவை நன்றி சொன்னார்.

ரிசீவரை வைத்துவிட்டு, காலியாக இருந்த கேபினுக்குள் போய் அழுதாள். அதை அவளே சொன்னாள், நானாகச் சேர்க்கவில்லை. வெளியே ஒருவர் ஹால் டிக்கெட்டுக்காகக் காத்திருந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, பதிவெண் என்ன என்று அவரைக் கேட்டாள்.