யாரும் பரிமாறாத மேஜை

பெண் கேட்டு வந்தது என்னைத்தான். மூத்தவள் இருக்கும்போது இளையவளை எப்படிக் கொடுப்பது என்று அப்பா அக்காவைக் கட்டி வைத்துவிட்டார். கேட்டு வந்த மாமா பெங்களூரில் ஒரு முதலாளி வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். எழுபதுகளின் கடைசி அது. ஜவ்வாது மலையில் எங்கள் ஊரிலிருந்து பெங்களூருக்குக் குடித்தனம் போன முதல் பெண் அக்கா. எனக்கு வரவேண்டிய வாழ்க்கையை அவள் தட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று நான் முழு மனதாக நம்பினேன்.

பொங்கலுக்குப் பொங்கல் வருவாள். வந்து உட்கார்ந்ததும் ஊர்ப் பெண்கள் சுற்றிக்கொள்வார்கள்.

"சீனாக்காரன் ஓட்டல்ல நூல் நூலா ஒண்ணு குடுப்பான். நூடுல்ஸ்னு பேரு. பச்ச மொளகாய புளிப்புத் தண்ணில ஊறப் போட்டிருப்பான். தொட்டுனு துன்னா காது வரிக்கும் ஏறும்" என்பாள். "இன்னொரு பெரிய ஓட்டலு. சாயங்காலம் டீக்குப் போவணும். மேச நீளத்துக்குப் பலகாரம். எவ்ளோ துன்னாலும் ஒருத்தன் கேக்க மாட்டான்."

நான் அடுப்படியில் களி கிளறிக்கொண்டே கேட்பேன். துடுப்பு பானையில் இடிக்கிற சத்தத்தில் அம்மா திரும்பிப் பார்ப்பாள். எனக்குப் பானை உடையட்டும் என்றுதான் இருக்கும். எனக்கு அடுத்தடுத்து வந்த இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றேன். ஒருவருக்கு நல்ல நிலமும் காய்க்கிற புளிய மரங்களும் இருந்தன. ஆனால் கார் ஓட்டத் தெரியாதே. அந்த நூடுல்ஸை நான் தின்றே ஆகவேண்டும், அதுவும் அக்கா பார்க்கத் தின்னவேண்டும் என்று அழுது அடம்பிடித்து, நான்காவது வருஷம் அவளோடு பஸ் ஏறினேன்.

பெங்களூரில் ஒற்றை அறை வீடு. போய் மூன்று நாளாகியும் சீன ஓட்டல் பேச்சே இல்லை. கேட்டால், "போலாம், போலாம், இன்னா அவசரம்" என்பாள். எனக்குக் காட்டக்கூட மனசு வரவில்லை பார் என்று நினைத்துக்கொண்டேன். நான்காம் நாள் முதலாளியம்மா தன்னால் போக முடியவில்லை என்று பெரிய ஓட்டல் டீக்கு இரண்டு சீட்டு கொடுத்தனுப்பினார். மாமா எங்களை வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

அக்கா சொன்னதெல்லாம் அங்கே இருந்தது. நீள மேஜை, வெள்ளைத் துணி, அடுக்கடுக்காகக் கேக், சமோசா, ஓரத்தில் ஆவி பறக்க அந்த நூடுல்ஸ். ஒருவன் நாற்காலியை இழுத்து உட்கார வைத்தான். உட்கார்ந்தோம்.

எங்கள் ஊரில் சாப்பாட்டைத் தானாக எடுப்பது பெரிய கேவலம். சொந்த அக்கா வீடானாலும் அவள்தான் எடுத்துப் போடவேண்டும். 'பானையில கை வெச்சவ' என்று பேர் வாங்கியவளுக்குச் சம்பந்தம் அமைவதே கஷ்டம். அதனால் நான் கையை மடியில் வைத்துக் காத்திருந்தேன். மற்றவர்கள் எழுந்து போய்த் தட்டை நிரப்பிக்கொண்டு வந்தார்கள். ஓட்டல்காரருக்கு வேண்டியவர்களாக இருக்கும், நமக்கு ஆள் வரும் என்று நினைத்தேன்.

"இன்னாக்கா, யாரும் வர்ல?"

"வருவாங்க. குந்து."

டீ மட்டும் ஆள் கொண்டுவந்து ஊற்றினான். ஊற்றியதால் குடித்தோம். மறுபடி ஊற்றினான், மறுபடி குடித்தோம். மூன்று கோப்பை ஆயிற்று. இவளுக்கு வழக்கம் தெரியும், என்னைப் பட்டிக்காடாக்க வேண்டுமென்றே உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் நூடுல்ஸ் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

ஆட்கள் வந்து பாத்திரங்களை மூடி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவன் எங்களிடம் ஏதோ கேட்டான். அக்கா சாப்பிட்டாயிற்று என்பதுபோலத் தலையாட்டினாள்.

வெளியே வந்து வெகுதூரம் நடந்த பிறகு அக்கா சொன்னாள். "நான் உள்ள வந்ததே இல்லடி. ரெண்டு ஓட்டலுக்கும் வெளிய மாமாவோட கார்லதான் குந்தினு இருப்பேன். மொதலாளி வூட்டு ஆளுங்க துன்னு மிஞ்சினத மாமா பொட்டலமா எடுத்துனு வருவாரு. ஆறிப் போயிருக்கும்."

அந்த ஆறிப்போன பொட்டலத்துக்காக நான் நான்கு வருஷம் வெந்திருக்கிறேன். அவளை அடிக்கலாம்போல இருந்தது.

ஒரு தள்ளுவண்டியில் இட்லி வாங்கினாள். இரண்டு இலையைப் பக்கத்திலிருந்த திண்டில் விரித்தாள். என் இலையில் நான்கு வைத்துச் சட்னி ஊற்றினாள். பிறகு தன் காலி இலைக்கு முன்னால், இட்லிப் பொட்டலத்தைத் தொடாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. நான் எடுத்து அவள் இலையில் வைத்தேன். "இன்னும் ஒண்ணு வெய்டி" என்றாள். வைத்தேன். அவள் தின்பதைப் பார்த்தபோது, இந்த ஊரில் இவளுக்கு ஒருவரும் எடுத்துப் போட்டதில்லை என்று தெரிந்தது.

பொறாமை அதோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். மலைக்குத் திரும்பியதும் ஊர்ப் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். அக்காவைக் காட்டிக் கொடுக்க வாய் வரவில்லை. நூல் நூலாக இருக்கும், மிளகாயைத் தொட்டுக்கொண்டால் காது வரை ஏறும் என்று அவள் சொன்னதையே சொன்னேன்.

அம்மா கேட்டுவிட்டு எழுந்தாள். "உங்கக்கா சொன்னா வாயில எச்சி ஊறும். நீ சொன்னா ஒண்ணும் ஊற்ல" என்றாள்.

அதிலும் அவளே முந்திக்கொண்டாள்.