பூஜ்யத்தில் மாட்டிக்கொண்ட ஏனோக்

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை ரயிலில் ஒரு பேச்சு உலவுகிறது: கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறும் ஏனோக் மட்கா சூதாட்ட நம்பர் எழுதுகிறாராம். மடியில் நோட்டு, வாயில் முணுமுணுப்பு. அந்த நோட்டை எட்டிப் பார்த்து 32 கட்டித் தோற்ற ரவிகுமார்தான் இதை எனக்குச் சொன்னவர். "இன்னா ஆளுங்க அவரு, சர்ச்சுக்கு மட்டும் வெள்ளச் சட்டையில வராரு" என்றார், ஏதோ ஏனோக் ஏமாற்றிவிட்டது போல.

விசாரிக்கலாமே என்று எதிர் சீட்டில் உட்கார்ந்தேன். கேட்டதும் ஏனோக் நோட்டைத் திருப்பியே காட்டிவிட்டார். திறந்திருந்த பக்கத்தில் மூன்று எண்கள்: 0, 32, 69.

"மூணும் ஒரே பட்டன் சார்."

ஏனோக்குக்கு வயது நாற்பத்துமூன்று. பால் பரிசோதிக்கும் மிஷின் செய்கிற பெங்களூர் கம்பெனி ஒன்றில் கெர்னல் எழுதுகிறார். சிப்புக்கும் மற்ற மென்பொருளுக்கும் நடுவில் நிற்பது கெர்னல். மிஷினின் பட்டனை அமுக்கினால் சிப்புக்கு ஒரு குறுக்கீடு போகிறது: கைவேலையை நிறுத்து, என்னைக் கவனி. கூப்பிட்டது யார் என்று தெரிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். முதல் தலைமுறைச் சிப்பில் அந்தப் பட்டன் 0, அடுத்ததில் 32, இப்போதையதில் 69. எண்ணை மாற்றுமுன் யாரும் ஏனோக்கைக் கேட்பதில்லை.

பதினாலு வருடமாக இவற்றையெல்லாம் அவர் கையாலேயே ஓர் அட்டவணையில் எழுதி வந்தார். அது அவருக்கு மட்டும் புரிந்தது. ஆகவே விடியுமுன் கிளம்பி, பிள்ளைகள் தூங்கியபின் வீடு சேர்கிறார். வீட்டிலிருந்தே வேலை செய்யக் கேட்டால் மேலாளர் ராதிகாவின் பதில் மாறாது: "அந்த டேபிள் போகட்டும் ஏனோக், நீங்களும் வீட்டுக்குப் போலாம்."

போன வருடம் அட்டவணையை ஒழிக்கத் துணிந்தார். ஒவ்வொரு சிப்பின் எண்களும் அதனதன் விவரக் கோப்பில் இருக்கும். கெர்னல் அதைப் படித்து, ஒவ்வொரு பட்டனுக்கும் தன் கணக்கில் வேறோர் எண் கொடுத்துக்கொள்ளும். நாலு மாத வேலை. பிந்தைய இரண்டு தலைமுறைச் சிப் போர்டுகளில் ஓட்டிப் பார்த்தார். முதல் தலைமுறை போர்டு ஆபீசில் செத்துப்போய் வெகுநாள்.

புது மென்பொருள் மிஷின்களுக்குப் போன மறுநாள் காலை, பூதிகோட்டை பால் சொசைட்டி செயலாளர் சரோஜம்மாவின் போன்.

"ஏம்ப்பா, பட்டன அமுக்கறேன், செவுடு மாதிரி நிக்குது. நாப்பது பேர் கேனோட நிக்கறாங்க."

ரயிலிலேயே நோட்டில் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார். கெர்னல் கொடுக்கும் எண் பூஜ்யமானால் கூப்பிட்டவர் யாருமில்லை என்று அர்த்தம். சிப்பின் எண் பூஜ்யமாக இருக்கலாம், தப்பில்லை. கெர்னலின் எண்ணைச் சோதிப்பதற்குப் பதில் ஏனோக் சோதித்தது சிப்பின் எண்ணை. பட்டன் கத்திக்கொண்டே இருக்க, யாருமில்லை என்று அவர் எழுதிய வரி சொல்லிக்கொண்டிருந்தது.

"எங்கப்பா நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துல ஆளுங்கள எறக்கற கேஜ் லிஃப்ட் ஓட்டினவரு சார். ஜீரோ லெவல்லேர்ந்து, அதான் தரைலேர்ந்து, யாரும் பெல் அடிச்சதா சொன்னதே இல்ல. அதான் எனக்குத் தோணல."

ஒரு வரி திருத்தம். சாயங்காலப் பால் தடையில்லாமல் நடந்தது. அட்டவணையும் போயிற்று. வீட்டிலிருந்தே வேலை கேட்டு ராதிகாவிடம் போய் நின்றார்.

"சூப்பர் ஏனோக். ஆனா அந்த ஜீரோ மேட்டர் உங்களுக்குத்தானே தெரியும்? அந்தப் பழைய மிஷின் இருக்கற வரைக்கும் வந்துட்டிருங்க."

நாட்டில் மிச்சமிருக்கும் பழைய மிஷின் ஒன்றே ஒன்று, பூதிகோட்டையில். ஏனோக் சரோஜம்மாவுக்குப் போன் போட்டு, புதுசு சும்மாவே தருகிறோம் என்றார்.

"எதுக்குப்பா? நீ சரி பண்ணதுலேர்ந்து முன்னவிட நல்லா ஓடுது. ஆனா ஒண்ணு, அன்னிக்கு நாப்பது பேர் பாலையும் லாக்டோமீட்டர் போட்டு கையாலயே நான்தான் பாத்தேன். தோள் போச்சு. ஒருநாள் காலைல நீ வந்து அதே மாதிரி பால் பாத்துட்டுப் போ, கணக்கு சரியாயிடும்."

ஏனோக் ஒப்புக்கொண்டார். ஆனால் பூதிகோட்டையில் பால் ஊற்றும் நேரத்தில் அவர் இந்த ரயிலில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை. சொல்லி ஐந்து மாதமாகிறது.

பங்காருபேட்டை தாண்டியதும் அவர் போன் அடித்தது. சரோஜம்மா.

"வரேம்மா. வர்ற வாரம்" என்றார்.