பெட்டியில் ‘நான்’ தீர்ந்துபோன காலை

1874ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, காலை பதினோரு மணிக்கு, ஹல்டா ப்ரென்டிஸின் எழுத்துப் பெட்டியில் ‘நான்’ தீர்ந்துபோயிற்று.

எங்கள் ஆங்கில மொழியில் ‘நான்’ என்பது ஒரே எழுத்து. ‘ஐ’ என்று ஒலிக்கும். வாக்கியத்தின் நடுவில் வந்தாலும் பெரிய எழுத்தாகவே நிற்கும். அச்சுக் கோப்பவரின் பெட்டியில் அதற்கெனத் தனி அறை உண்டு. மாநில உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புத் தொகுப்புகளைப் பதினோர் ஆண்டுகளாகக் கோத்துவந்த ஹல்டாவுக்கு அந்த அறை ஒருநாளும் காலியானதில்லை. நீதிமன்றம் தன்னை எப்போதும் ‘நாங்கள்’ என்றே சொல்லிக்கொள்ளும். ‘நாங்கள் கருதுகிறோம்’, ‘நாங்கள் தீர்ப்பளிக்கிறோம்’ என்றே எழுதும்.

ஹல்டா பால்பண்ணையில் பிறந்தவள். கணவன் ஏசா உள்நாட்டுப் போரிலிருந்து திரும்பவில்லை. அவன் இறந்த செய்தி வந்த மாதமே அவள் வாட்டர் தெருவிலிருந்த எங்கள் அச்சகத்தின் படியேறி வேலை கேட்டாள். ஒரே ஆண்டில், தலைகீழாகவும் இடவலம் மாறியும் நிற்கும் ஈய எழுத்துகளைச் செய்தித்தாளைப் போல வாசிக்கக் கற்றுக்கொண்டாள். நாற்பது வயதாகியும் ஒரு மணி நேரத்தில் அவளளவு கோப்பவர் அந்தக் கூடத்தில் வேறு எவரும் இல்லை. கையெழுத்துப் படியை உரக்க வாசித்து மெய்ப்புப் பார்ப்பவருக்கு உதவுவது என் வேலை. என் மேசை அவளுக்குப் பின்னால் இருந்தது.

அன்று அவள் கோத்துக்கொண்டிருந்தது ஸ்பூனரின் பசு வழக்கு. லெவி ஸ்பூனர் என்ற விவசாயியின் ஐந்து பசுக்கள் வேலியில்லாத இருப்புப்பாதையில் ஏறி ரயிலில் அடிபட்டு இறந்தன. வேலி போடவேண்டியது ரயில் கம்பெனியா, மாட்டைக் கட்டி வைக்கவேண்டியது விவசாயியா என்பதுதான் கேள்வி. அதே கேள்வியோடு மாநிலமெங்கும் இருபத்துமூன்று வழக்குகள் கவுன்டி எனப்படும் மாவட்டங்களின் நீதிமன்றங்களில் காத்திருந்தன. அச்சிட்ட தாள்கள் மூன்று மணி ரயிலில் அந்த நீதிமன்றங்களுக்குப் போகவேண்டும். அங்கிருந்த நீதிபதிகள் பெரும்பாலும் தீர்ப்பைப் படிப்பதில்லை. தீர்ப்பின் உச்சியில் தொகுப்பாளர் எழுதும் நான்கு வரித் தலைக்குறிப்பை மட்டுமே படிப்பார்கள். ஸ்பூனர் தீர்ப்பின் தலைக்குறிப்போ, வேலி போடும் கடமை கம்பெனிக்கு இல்லை என்றது.

ஹல்டா காலியான அறையை விரலால் துழாவிவிட்டு ஃபோர்மேன் கார்மடியிடம் போனாள்.

“மிஸ்டர் கார்மடி, எனக்குக் கொஞ்சம் ‘ஐ’ வேணும்.”

“திங்கக்கெழமதானே ரொப்பிக் குடுத்தேன். தின்னுட்டீங்களாம்மா?”

“நீதிபதி தின்னுட்டார்.”

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு என் மேசைக்கு வந்து, “நேத்து அந்த மாறுபட்ட தீர்ப்ப வாசிச்சியே, அதக் குடு” என்றாள். மூன்று நீதிபதிகளில் பாஸ்கம், கிம்பல் இருவரும் ஒருபுறம் நின்றார்கள்; இருவருக்குமாகப் பாஸ்கம் எழுதியிருந்தார். ரட் மட்டும் மாறுபட்டுத் தனியே எழுதியிருந்தார். ரட்டின் பெயர்ச் சீட்டு குத்தியிருந்த கைப்பிரதிக் கட்டினை முந்தைய நாள் நானே உரக்க வாசித்திருந்தேன். தனியே நின்றவர் ‘நான்’ என்றல்லவா எழுதியிருக்கவேண்டும்; அதிலோ பக்கத்துக்குப் பக்கம் ‘நாங்கள்’. இலக்கணப் பிழையென்றால் தூக்கத்திலும் எழுந்து உட்காரும் எனக்கு அது உறைக்கவே இல்லை. அந்த வெட்கம் இன்றும் தீரவில்லை.

“ரெண்டு கட்டும் மாறியிருக்கு. பேர்ச் சீட்டக் குண்டூசியில குத்தறப்ப மாத்திக் குத்திட்டாங்க. மிஸ்டர் வீலாக் தோத்த தீர்ப்பப் படிச்சுட்டுத் தலைக்குறிப்பு எழுதியிருக்கார்” என்றாள் ஹல்டா.

நடக்கக்கூடியதுதான். இரு தீர்ப்புகளும் ஒரே எழுத்தரின் கையெழுத்தில் படியெடுக்கப்பட்டவை. தொகுப்பாளர் வீலாக் காய்ச்சலில் படுத்திருந்த கோடையில்தான் அவை நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டன.

கார்மடி இரண்டையும் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

“கைப்பிரதியில என்ன இருக்கோ அதக் கோக்கணும். முட்டாத்தனம் அவங்களோடது, எழுத்து மட்டும்தான் நம்மளோடது.”

“இருபத்திமூணு குடும்பத்து மாடு, மிஸ்டர் கார்மடி.”

“மிச்சத்த வேற ஆள வச்சுக் கோத்துக்கறேன். பன்னெண்டு மணிக்கு மிஷின் ஓடும். அதுக்குள்ள மிஸ்டர் வீலாக் கையெழுத்தோட வாங்க, நிறுத்தறேன். நீங்க நெனச்சது தப்புன்னா இங்க திரும்பி வரவேணாம். அப்படியே வீட்டுக்குப் போயிடுங்க. தீர்ப்பத் திருத்தற பொம்பளைய வச்சிருக்கேன்னு முதலாளிகிட்ட நான் சொல்ல முடியாது.”

அந்த வேலை போனால் அந்த நகரில் அவளை வேறு எந்த அச்சகமும் சேர்க்காது. அது எல்லாருக்கும் தெரியும். ஹல்டா ஈரம் காயாத மெய்ப்புத் தாளைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினாள். ரட்டின் பெயர் இருந்த கட்டினை அணைத்துக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.

முந்தின இரவு பெய்த மழையில் தெரு சேறாகிக் கிடந்தது. நீதிமன்றம்வரை இருந்த நான்கு தெருக்களையும் நாங்கள் நடந்து கடந்தோம் என்று சொன்னால் அது பொய்; ஓடினோம். நீதிமன்ற வாசலில் காவலர் கையை நீட்டி மறித்தார்.

“மையும் ஏப்ரனுமா உள்ள போகக் கூடாதும்மா. கோர்ட்டு நடக்குது.”

ஹல்டா ஏப்ரனை அவிழ்த்து அவர் கையிலேயே போட்டாள். “பத்திரமா வச்சுக்கோங்க. பையில பாதி டோநட் இருக்கு, தின்னுடாதீங்க.”

உள்ளே ஒரு வழக்கறிஞர் ஆலை அணையைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தார். மேடைக்குக் கீழே சிறு மேசையில் அலான்ஸன் வீலாக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். மேடையை நோக்கி எவரும் அப்படி நடந்துபோவதை அந்த மன்றம் பார்த்திராது. ஹல்டா அவர் காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னாள்.

“மிஸஸ் ப்ரென்டிஸ், நீங்க எழுத்துக் கோக்கறவங்க. சட்டத்த எங்ககிட்ட விட்டுடுங்க.”

“இதுல எத்தன ‘நான்’ இருக்கு பாருங்க, ஐயா. என் பெட்டியே காலி.”

வீலாக் தாளைப் பார்த்துச் சிரித்தார். “இதுக்கா ஓடி வந்தீங்க? பாஸ்கம் ஐயா பெரிய மனுஷர். அவர் சாப்பாட்டு மேசையில உப்பு கேட்டாலும் ‘நான்’தான். தீர்ப்புல மட்டும் விட்டுடுவாரா?”

அந்தப் பதிலை நானும் எதிர்பார்க்கவில்லை, ஹல்டாவும் எதிர்பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரம் பதினொன்று முப்பத்தைந்து காட்டியது. வாசலில் ஏப்ரனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று நான் நினைத்த அந்தக் கணத்தில், அவள் என் கையிலிருந்த கட்டினைப் பிடுங்கி மேசையில் விரித்தாள்.

“சரி, அவர் அப்படியே எழுதட்டும். மாறுபட்டவர் எத்தன பேர், ஐயா?”

“ரட் ஒருத்தர்தான்.”

“இது ரட் எழுதினதுன்னு நீங்கதானே பேர் போட்டிருக்கீங்க. இதுல முப்பத்தோரு எடத்துல ‘நாங்கள்’ இருக்கு. தனியா நின்னவருக்கு ‘நாங்கள்’ எங்கேருந்து வந்துச்சு? கூட நின்னது யாரு, அவரோட குதிரையா?”

வீலாக்கின் பேனா நின்றது. அவர் முதல் பக்கத்தைப் படித்தார். பத்தாம் பக்கத்தைப் படித்தார். கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு எழுந்து நின்றார். அணையைப் பற்றி வாதிட்டவர் பேச்சை நிறுத்தினார்.

மேடையிலிருந்து நீதிபதி பாஸ்கம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “மிஸ்டர் வீலாக், அணையவிட அங்க என்ன சுவாரசியம்?”

“ஐயா, மன்னிக்கணும். ஸ்பூனர் வழக்குல வேலி போடவேண்டியது யாருன்னு முடிவாச்சு?”

“கம்பெனி. அதுக்காக நான் நாப்பது பக்கம் எழுதினேன். நீங்க படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

பக்கத்து இருக்கையிலிருந்து நீதிபதி ரட் சொன்னார்: “நானும்தான் பத்தொம்போது பக்கம் எழுதினேன். அதையாவது படிச்சாரான்னு கேளுங்க.”

“அதத்தான் ஐயா படிச்சேன்” என்றார் வீலாக்.

மன்றம் சிரித்து முடிக்கும்வரை நாங்கள் அங்கு நிற்கவில்லை. வீலாக் தொப்பியை மறந்து ஓடினார். ஐம்பத்தைந்து வயதுக்காரர், எங்கள் இருவரையும் முந்திவிட்டார். வாட்டர் தெரு முனையில் திரும்பியபோது தரை அதிரும் ஓசை கேட்டது. அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கார்மடியின் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடும் என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

“நிறுத்துங்க” என்று தெருவிலிருந்தே கத்தினார் வீலாக். “கார்மடி, பெல்ட்டக் கழட்டுங்க.”

நாற்பது தாள்கள் அச்சாகியிருந்தன. கார்மடி ஒன்றை எடுத்தார், தலைக்குறிப்பைப் பார்த்தார், அடுப்பைத் திறந்து நாற்பதையும் உள்ளே தள்ளினார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு கோத்த பக்கங்களை இறுக்கி வைத்திருந்த ‘ஃபாரம்’ என்ற இரும்புச் சட்டத்தின் பூட்டுகளைத் தட்டிக் கழற்றினார். பெயர் வரிகளை மாற்றுவது எளிது. பின்னால் நின்ற தீர்ப்பை முன்னால் கொண்டுவந்து, ஒவ்வொரு பக்கத்தின் எண்ணையும் மாற்றிப் பூட்டுவதுதான் பெரும்பாடு. கூடத்திலிருந்த ஒன்பது பேரும் அதில் இறங்கினோம். மதிய உணவை எவரும் கேட்கவில்லை.

புதிய தலைக்குறிப்பை எழுதித் தர நேரமில்லை. வீலாக் வாயால் சொல்லச் சொல்ல, ஹல்டா நேரே எழுத்தில் கோத்தாள். அந்தக் கூடத்தில் அதற்கு முன் எவரும் அப்படிச் செய்ததில்லை.

“‘தன் பாதையின் இருபுறமும் வேலி அமைக்கும் கடமை ரயில் கம்பெனியையே சாரும்’,” என்று தொடங்கிய வீலாக், “‘ஆயினும், மேற்கூறியவாறு பிறிதொரு கருத்துக்கும் இடமிருப்பினும்’…” என்று இழுத்தார்.

ஹல்டாவின் கை நின்றது. “ஐயா, கடம உண்டா, இல்லையா? அவங்க இதுக்கு மேல ஒரு வரி படிக்கமாட்டாங்க.”

வீலாக் சொன்னார்: “உண்டு.”

“அப்ப அதோட முற்றுப்புள்ளி வைக்கறேன்.”

“வைங்க.”

இரண்டு மணி ஐம்பதுக்குக் கட்டுகளை வண்டியில் ஏற்றி, கார்மடியே குதிரையை விரட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனார். திரும்பி வந்தவர், “ஏத்தியாச்சு” என்ற ஒரு சொல்லை மட்டும் சொன்னார். பிறகு ஹல்டாவைப் பார்த்து, “உங்க ஏப்ரன் எங்கம்மா?” என்றார். அது இன்னும் நீதிமன்ற வாசலில் இருந்தது.

நவம்பரில், காத்திருந்த வழக்குகளில் முதலாவது எங்கள் கவுன்டியிலேயே விசாரணைக்கு வந்தது. ஹல்டா அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். நீதிபதி அச்சுத் தாளைக் கையில் எடுத்தார், தலைக்குறிப்பின் மேல் விரலை ஓட்டினார், விவசாயிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் தாளைக் கீழே வைத்தபோது ஹல்டா எட்டிப் பார்த்தாள். உள்பக்கங்களைத் திறந்து படிக்க வெட்டவேண்டிய மடிப்பு வெட்டப்படவே இல்லை.

கூடத்துக்கு வந்து இதைச் சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நாற்பது பக்கத் தீர்ப்பு வீணாயிற்றே என்று நான் வருந்தினேன்.

“போகட்டும் விடு. அந்த நாலு வரி சரியா இருந்துச்சுல்ல? வர்ற வழியில பாத்தேன், கம்பெனிக்காரன் வேலிக்குக் குழி தோண்டறான்” என்று சொல்லிவிட்டு அடுத்த கைப்பிரதியைக் கையிலெடுத்தாள்.