தவக்காலத்தில் வந்த பறக்கும் மனிதன்

சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். சுங்கைப்பட்டாணித் திரையரங்கின் வாசலில் முதலில் என் கண்ணில் பட்டது அம்மாவின் கையிலிருந்த ஜெபமாலை. சுற்றிலும் தள்ளுமுள்ளு. சீனப் பையன்கள் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கைகளை நீட்டிப் பறந்துகொண்டிருந்தார்கள். அம்மா வெள்ளைச் சேலையில், முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டு, நற்கருணை வாங்கப் போகிறவரைப் போலத் தரையைப் பார்த்தபடியே உள்ளே நடந்தார்.

நாங்கள் பார்க்கப் போனது பறக்கும் மனிதன் படம். எழுபதுகளின் கடைசி அது. பள்ளிக்கூடத்தில் பல வாரங்களாக வேறு பேச்சே இல்லை. ஆனால் படம் வந்துசேர்ந்தது தவக்காலத்தில். ஒரு வாரம்தான் ஓடும், பிறகு அலோர் ஸ்டாருக்குப் போய்விடும் என்றார்கள். எங்கள் ரப்பர் தோட்டத்துக் கத்தோலிக்க வீடுகளில் ஈஸ்டர்வரை இறைச்சி கிடையாது, சினிமா கிடையாது. கோயிலில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவார்கள். அதில் மிஞ்சிய துண்டை வாங்கிவந்து அம்மா வானொலிப் பெட்டியை மூடிவிடுவார். செய்தி கேட்க வேண்டுமென்றால் அப்பா ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வார்.

படத்துக்கு விடச்சொல்லி அண்ணன் சாப்பிடாமல் இருந்து பார்த்தான். அம்மா அதைத் தவக்கால ஒறுத்தல் என்று எடுத்துக்கொண்டு அண்டை வீடுகளில் பெருமையாகச் சொன்னார்.

கடைசியில் வழி கண்டவர் பாக்கார் ஆராங்கில் குடியிருந்த சித்தப்பா.

"அண்ணி, ஒரு நல்ல படம் வந்திருக்கு. மேலேருந்து அப்பா தன்னோட ஒரே மகன பூமிக்கு அனுப்பிவைக்கிறாரு. ஏழை புருஷன் பொண்டாட்டிகிட்ட வளர்றாரு. எல்லாரையும் காப்பாத்துறாரு."

அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "வளத்தவரு தச்சு வேலையா?"

"ஏதோ கைவேலைதான் அண்ணி."

"ஆண்டவர் படம்னா புள்ளைங்களுக்கு நல்லதுதான். நானும் வரேன்."

சித்தப்பா இதை எதிர்பார்க்கவில்லை. பாதியில் அம்மா எங்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் அத்தோடு முடிந்தது. அதனால் விளக்கு அணைந்ததும் நான் திரையைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

பேச்சு ஆங்கிலத்தில், அடியில் மலாய் எழுத்து. அம்மாவுக்கு அது புரியாது, இது படிக்க வராது. வானத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. அங்கிருந்து வந்த குழந்தை வைக்கோல் போரில் விழுந்தது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். சித்தப்பா பெருமூச்சு விட்டார்.

குழந்தை வளர்ந்து பெரிய ஆளானது. மஞ்சள் மேலங்கி, உடம்போடு ஒட்டிய உடுப்பு. சித்தப்பா குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

"என்ன தம்பி, ஆண்டவரு இப்படி நிக்கிறாரு?"

"வெள்ளக்காரன் எடுத்த படம்லா அண்ணி. அவனுங்க அப்படித்தான் காட்டுவானுங்க."

அம்மா "ம்" என்றார். எழுந்திருக்கவில்லை. என் கையிலிருந்த கடலைப் பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. திரையில் அவர் கடல்மேல் நடந்துபோய் மூழ்கும் கப்பலை இழுத்துவந்தபோது கொட்டகையே கைதட்டியது. அம்மாவும் தட்டினார். ஜெபமாலை மணிகள் கலகலத்தன. வில்லன் அவரைக் குகைக்குள் போட்டுப் பாறையால் மூடினான். நான் அழுதுவிட்டேன்.

"அழாத புள்ள. எழுந்திருவாரு. தெரிஞ்ச கதைதானே."

எழுந்தார். பாறை தூள்தூளானது. முன்வரிசைகள் எழுந்து நின்றதால் நாங்களும் எழுந்தோம். அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "விடாத, அவன விடாத" என்றார். எங்களுக்கு முன்னால் இருந்த சீனக் கிழவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அம்மா அவருக்கும் கடலை கொடுத்தார்.

திரும்பும் வழியில் அண்ணன் பேருந்துச் சன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பறந்துகொண்டே வந்தான். யாரும் திட்டவில்லை.

மறுநாள் ஞாயிறு. பூசைக்கு முன் கோயில் வாசலில் சித்தப்பா தயங்கித் தயங்கி வந்தார்.

"அண்ணி, மனசு கேக்கல. தவக்காலத்துல படத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். பாவசங்கீர்த்தனத்துல சொல்லிடலாமா?"

"போய்ச் சொல்லு தம்பி. பொய் சொன்னது நீதானே. நான் ஆண்டவர் படம்னு நம்பி வந்தவ."

சித்தப்பா வரிசையில் போய் நின்றார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்து நான் தண்ணீர் கொண்டுவரப் போனேன்.

கோயிலுக்கு எதிரே, ஞாயிறுதோறும் பூசை முடிந்து நாங்கள் பேருந்துக்குக் காத்து நிற்கும் இடத்தில், மஞ்சள் மேலங்கியோடு அவர் பறக்கும் விளம்பரப் பலகை தவக்காலம் தொடங்குவதற்கு முன்பிருந்தே நின்றது.