கணையத்தின் வால்

இடது விலாவுக்குக் கீழே தொடங்கி முதுகுக்குப் போகும் அந்த வலியை மூன்று வருடம் சுமந்தேன். எங்கள் ஊரான பலாபத்வலையில் ஒரு வாசனைத் திரவியக் கடையில் கராம்பும் ஏலமும் பொதி செய்வது என் வேலை. வலி வந்தால் சாக்கின் மேல் குனிந்து உட்கார்ந்துவிடுவேன். ஊர் டிஸ்பென்சரி டொக்டர் ஒவ்வொரு முறையும் என் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வயிற்றெரிச்சல் மாத்திரை எழுதினார். ஒருநாள் என்னை விட்டுவிட்டு என் கணவரைப் பார்த்துச் சொன்னார்.

"இவங்களுக்கு ஒரு நோயும் இல்ல. வேல செய்ய மனசில்ல, அவ்வளவுதான்."

என் கணவர் அதை நம்பினார். அதற்குப் பிறகு நான் முனகினால் எழுந்து வெளியே போய்விடுவார். டொக்டர் மேல் எனக்கு வெறுப்பு வந்தது அன்றுதான்.

ஒரு காலையில் கடையிலேயே மயங்கி விழுந்தேன். முதலாளியம்மா என்னைக் கண்டிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுக்க வைத்தார். கணையத்தின் வால் பகுதியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, விட்டால் ஆகலாம் என்றார்கள். வயிற்றைக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியே கேமராவை விட்டு, கட்டியோடு அந்த வாலையும் ஒரு பெண் சத்திரசிகிச்சை நிபுணர் எடுத்தார்.

கிளினிக்கில் அந்த வீடியோவை அவர் எனக்குக் காட்டினார். இரைப்பைக்குப் பின்னால் மஞ்சளாக, சிறு உருண்டைகள் சேர்ந்ததுபோல் கணையம் கிடந்தது. அதன் மேல் விளிம்பில் தமனி வளைந்து வளைந்து போனது. அதன் முதுகுப்பக்கத்துப் பள்ளத்தில், மண்ணீரலிலிருந்து இரத்தம் திரும்பி வரும் நாளம் ஒட்டிக்கொண்டு ஓடியது. அதற்குள் வந்து விழும் மயிர்போன்ற கிளைகளில் ஒன்று கிழிந்தாலும் திரை முழுக்க இரத்தம்தான் என்றார். ஒவ்வொன்றாகப் பிரித்து மூடி, என் மண்ணீரலைக் காப்பாற்றியிருந்தார். இன்னொரு தரம் சொல்லுங்க டொக்டர் என்று கேட்டேன். ஆர்வம் என்று நினைத்திருப்பார். நான் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். வீடியோவையும் என் போனில் வாங்கிக்கொண்டேன்.

தழும்புகள் ஆறியதும் கணவரையும் இழுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். எங்கே, எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நம்பர் எடுத்து, முறை வரும்வரை உட்கார்ந்திருந்தோம். உள்ளே போனதும் அந்த வீடியோவைப் போட்டு, போனை மேசையில் டொக்டருக்கு முன்னால் வைத்தேன்.

"பாருங்க ஐயா. இது என் வயிறு."

நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்றார். நானும் மூன்று வருடம் காத்திருந்தேன் என்றேன். அவர் பார்த்தார். நாளம் வந்த இடத்தில் நிறுத்தி, இது என்ன என்று கேட்டேன். தமனி என்றார். இல்லை, மண்ணீரலின் நாளம், தமனி மேலே இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் காது சிவந்தது. அந்தச் சிவப்பை நான் நிதானமாக ரசித்தேன்.

கணையம் வெளியிலிருந்து கைக்குப் படாது, இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் என்று மெதுவாகச் சொன்னார்.

"அப்ப ஒளிஞ்சிருக்கலாம்னு சொல்லியிருக்கணும் ஐயா. ஒன்னும் இல்லன்னு ஏன் சொன்னீங்க? இப்ப இவர்கிட்ட சொல்லுங்க."

அவர் போனை என் பக்கம் தள்ளிவைத்தார். பிறகு என் கணவரிடம் திரும்பி, "அவங்களுக்கு நோய் இருந்திருக்கு. நான் சொன்னது பிழை" என்றார். நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

திரும்பும் பஸ்ஸில், எனக்கு எப்படித் தெரியும் புள்ள என்றார் கணவர். என்னிடம் கேட்டிருக்கலாம் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார். நான் அவர் கையைப் பிடிக்கவில்லை.

சில வாரம் கழித்து, எங்கள் கடையில் வேலை செய்யும் இன்னொரு பெண் வயிற்றுவலி என்று போனபோது, அந்த டொக்டர் அவளைப் படுக்கவைத்துப் பரிசோதித்து, ஸ்கேனுக்கும் கடிதம் கொடுத்தாராம். நல்லது என்று நினைத்தேன். அதற்காக அவரை மன்னிக்கவில்லை. அந்த மேசைக்கு முன்னால் நின்ற பத்து நிமிடம் எனக்கு இன்னும் இனிக்கிறது.