திண்டுக்கல் வெயிலில் சோதித்த சீட் ஹீட்டர்

இன்று காலை கோயிலுக்குள் என் மச்சான் தன் காலால் நடந்தார்.

அதற்கு நான்தான் காரணம் (முக்கால்வாசி).

மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் அண்ணன். இடுப்பில் நரம்புக் கோளாறு. குளிர் பட்டால் இடுப்பு அப்படியே பூட்டிக்கொள்ளும். போன வருடம் கொடைக்கானலில் என் வண்டியை விட்டு இறங்கவே அரை மணி நேரம் ஆனது.

இன்று அவருடைய ஒரே மகள் ஜெனிக்குக் கல்யாணம். மாதா கோயில் எங்கே? அதே கொடைக்கானல். அதுவும் தை மாதக் குளிரில்!

மகளின் கையைப் பிடித்து வாசலிலிருந்து பீடம் வரை நடக்க வேண்டும். முந்தின நாளே போய் அங்கே படுத்தால் எழுந்திருக்க முடியாது என்று, விடியற்காலையில் திண்டுக்கல்லில் கிளம்பி நேராகக் கோயிலில் இறங்குவதாக முடிவு.

"வீல்சேர்ல போயிரவா மாப்ள?" என்று கேட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. என் வண்டியின் பின்சீட்டையே அடுப்பாக்கிக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பதினாலு வருடத்து வண்டி. ஏழு பேர் போகலாம் (எங்கள் கணக்கில் பதினொன்று).

பைபாஸில் சீட் கவர் கடை வைத்திருக்கும் காஜா பாயிடம் போனேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணே, இந்த ஊர்ல எல்லாரும் ஏசி கூலிங் பத்தலைன்னுதான் வருவாங்க. நீங்க ஒருத்தர்தான் சூடு பத்தலைன்னு வந்திருக்கீங்க."

ஆனால் வேலைக்காரர். பின்சீட்டு கவரைக் கழற்றி, உட்காரும் இடத்துக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று மெல்லிசாக இரண்டு ஹீட்டர் பேடு வைத்தார். பேட்டரியிலிருந்து தனி வயர், தனி ஃபியூஸ், என் கைக்கு எட்டும் இடத்தில் சிவப்பு லைட்டோடு ஒரு ஸ்விட்ச். வயரை எப்படி இழுப்பது என்று யோசனை சொன்னது நான்தான் (கேட்டுக்கொண்டார், செய்யவில்லை).

ஸ்விட்சைப் போட்டேன். லைட் எரிந்தது. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வேட்டியைத் தாண்டிச் சுட்டது!

வண்டி காலையிலிருந்து வெயிலில்தான் நின்றது. பாய்கூட, செத்த நேரம் நிழலில் விட்டு ஆறியபிறகு பார்க்கலாம் என்றார். சுடுகிறது என்று நானே சொல்லும்போது இன்னும் என்ன பார்ப்பது? கிளம்பிவிட்டேன்.

சாயங்காலமே குடும்ப குரூப்பில் போட்டோ. இந்த ஜில்லாவிலேயே இப்படி ஒரு வண்டி கிடையாது என்று எழுதினேன் (விசாரிக்கவில்லை. ஆனால் இருக்காது).

இன்று விடியற்காலை கிளம்பினோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போதே ஸ்விட்சைப் போட்டுவிட்டேன்.

பத்து வளைவு போனது.

"மாப்ள, உன் அடுப்பு எப்பப் பத்தும்?"

வெளிநாட்டுச் சரக்கு, மெதுவாகத்தான் ஏறும் என்றேன்.

இன்னும் கொஞ்சம் மேலே பனி கண்ணாடியை மூடியது.

"இது சீட்டா, ஐஸ் பொட்டியா மாப்ள?"

அதற்குப் பிறகு மச்சான் பேசவில்லை. கிண்டல் நின்றால் வலி ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பின்சீட்டைக் கண்ணாடியில் பார்த்தேன். மேலே இருந்த கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். பக்கத்தில் என் வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வைக்கு வெளியே இருந்த குளிரே தேவலை.

ஓரமாக நிறுத்தி பாய்க்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு நான் கனெக்டர மாட்டுறதுக்குள்ள நீங்க சுடுதுன்னுட்டீங்க. சரி, மாட்டிட்டேன் போலன்னு நானும் நெனச்சுட்டேன். சீட்டுக்கு அடியில கைய விடுங்க."

அதாவது அன்று என்னைச் சுட்டது திண்டுக்கல் வெயில்!

பட்டு வேட்டி சட்டையோடு ஈர ரோட்டில் முட்டி போட்டு, சீட்டுக்கு அடியில் தலையை விட்டேன். வெள்ளை நிறத்தில் வயரின் இரண்டு முனைகள், ஒன்றையொன்று பார்க்காமல் கிடந்தன. மாட்டினேன். டக்.

மறுபடி கிளம்பினோம். ஐந்து நிமிடம் பின்னால் சத்தமே இல்லை. எனக்குத் திரும்பிப் பார்க்கப் பயம்.

அப்புறம் ஒரு சத்தம் கேட்டது.

குறட்டை!

என் வாழ்நாளில் ஒரு குறட்டைக்காக மாதாவுக்கு நன்றி சொன்னது இன்றுதான்.

கோயில் வாசலில் மச்சான் தானே கதவைத் திறந்து இறங்கினார். ஜெனி கையை நீட்டினாள். இரண்டு பேரும் மெதுவாக, நிற்காமல், பீடம் வரை போனார்கள். என் வீட்டுக்காரி அழுதாள். நான் அழவில்லை (கண்ணில் பனி).

காஜா பாய், நீங்கள் நல்லா இருக்கணும். இனி நீங்கள் நிழல் என்றால் நான் நிழலில்தான் நிற்பேன்.

இதை மண்டபத்து வாசலில் நின்று எழுதுகிறேன். உள்ளே பிரியாணிப் பந்தி ஓடுகிறது. பெண்ணின் அப்பா எங்கே என்று ஆளாளுக்குத் தேடுகிறார்கள். எனக்குத் தெரியும். போய் வண்டிக் கதவைத் திறந்து, சாப்பிட வாங்க மச்சான் என்று கூப்பிட்டேன்.

"எலைய இங்க கொண்டாரச் சொல்லு மாப்ள. மொதல்ல கதவச் சாத்து, சூடு போகுது."